முதலில் கேட்க நேரம், பிறகு பதிவு

ஒலிப்பதிவுக் கருவியை வகுப்புக்குக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் பதிவிலிருந்தே தொடங்குகிறார்கள். முப்பது பிள்ளைகளையும் வரிசையாகப் படிக்கச் சொல்லிப் பதிகிறார்கள். வாரக் கடைசியில் போனில் முப்பது ஃபைல்கள் இருக்கும். ஒன்றையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்த வாரம் அறுபது. சில வாரங்களில் இடம் இல்லை என்று போன் சொல்லும், அத்தோடு முயற்சி முடிந்துபோகும். இந்த அத்தியாயம் மறுமுனையிலிருந்து தொடங்குகிறது. ஒரு பதிவை யார், எப்போது, எதைக் கவனித்துக் கேட்கப்போகிறார் என்பது முடிவாகாமல் சிவப்புப் பொத்தானை அழுத்தக் கூடாது. எவ்வளவு நேரம் பதிவது, ஒரு நாளைக்கு எத்தனை பேர், எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது ஆகிய கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த ஒரு முடிவிலிருந்தே வந்துவிடும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளியின் 1 முதல் 3 வரையான வகுப்புகள், அதிலும் முதன்மையாகத் தமிழ் வாசிப்பு. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிந்து உட்காரும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு குழுவோடு ஆசிரியர் இருக்கும்போது மற்றவர்கள் தாமாக ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். ஈராசிரியர் பள்ளியிலோ முழு வகுப்புகளே அப்படி இருக்க வேண்டியிருக்கிறது. ஒலிப்பதிவு பொருந்துகிற இடம் அதுதான்.

ஏன் திரும்பக் கேட்க வேண்டும்

எழுதியது தாளில் நிற்கிறது. குழந்தை திரும்பிப் பார்க்கலாம், அழித்துத் திருத்தலாம். வாய்விட்டுப் படித்ததோ அடுத்த நொடியே போய்விடுகிறது. போதாக்குறைக்கு, எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையின் கவனம் முழுவதும் அடுத்த எழுத்து எது என்பதிலேயே இருக்கிறது. தான் படித்ததைத் தானே கேட்க அதற்கு அவகாசம் இல்லை. அதனால்தான் ‘பாட்டி’ என்பதைப் ‘பாடி’ என்று படித்துவிட்டு, வாக்கியம் பொருளற்றுப் போனதை உணராமலே அடுத்த சொல்லுக்குப் போகிறது. அதே வாசிப்பைப் பதிவில் கேட்கும்போது எழுத்துக்கூட்டும் வேலை இல்லை, காது சும்மா இருக்கிறது, ‘பாடி’ உறுத்துகிறது.

திரும்பத் திரும்பக் கேட்பதும் படிப்பதும் பயன் தரும் என்பதற்குச் சான்று உண்டு. 1976இல் அமெரிக்க ஆய்வாளர் கேரல் சாம்ஸ்கி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரைப் பற்றி எழுதினார். எழுத்தெல்லாம் தெரிந்தும் சரளமாகப் படிக்க வராதவர்கள் அவர்கள். கதைப் புத்தகத்தைக் கேசட்டில் கேட்டபடியே பக்கத்தைப் பின்தொடர வேண்டும், தடங்கலின்றிப் படிக்க வரும்வரை அதே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும் என்பதே அவர் கொடுத்த வேலை. அவர்களுக்குச் சரளம் வந்தது, தாமாகப் படிக்கும் விருப்பமும் வந்தது. ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் 1979இல் ஜே சாமுவேல்ஸ் முன்வைத்த மறுவாசிப்பு முறையும், ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2000இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு வெளியிட்ட அறிக்கையும் அதே பக்கமே நிற்கின்றன. ஒரே சிறு பத்தியை வாய்விட்டுப் பலமுறை படிப்பதும், படித்ததைப் பற்றி ஒருவர் எடுத்துச் சொல்வதும் சரளத்தைக் கூட்டுகின்றன. இந்த முடிவுகளில் கருவிக்கென்று தனிப் பெருமை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஓர் ஆசிரியர் முப்பது பேருக்குக் கொடுக்க முடியாத மறுமுறையைக் கருவி கொடுக்கிறது. எடுத்துச் சொல்லும் வேலை மனிதருடையதாகவே இருக்கிறது. கேட்க ஆளில்லாத பதிவில் இந்த இரண்டுமே கிடையாது.

கருவியும் இடமும்

புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. சிம் எடுத்துவிட்ட பழைய மொபைல் ஒன்றும் ஒரு சிறு ஸ்பீக்கரும் போதும். சிம்மும் இணையமும் இல்லாதிருப்பது நல்லதே. பாதுகாப்புச் சிக்கல்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். உங்கள் சொந்தப் போனைக் கொடுப்பதைத் தவிருங்கள். குழந்தை படித்துக்கொண்டிருக்கும்போது அழைப்பு வரும். வீட்டுப் படங்கள் திறந்துகொள்ளும். நீங்கள் மாற்றலாகிப் போகும்போது பிள்ளைகளின் குரலும் கூடவே போய்விடும். ஆண்ட்ராய்டு போன்களில் ஒரே செயலியைத் திரையில் நிறுத்திவைக்கும் ‘ஸ்கிரீன் பின்’ வசதி இருக்கும். அதை இயக்கிவிட்டால் பதிவுச் செயலியை விட்டு வேறெங்கும் எளிதில் போக முடியாது. ஒலியின் தரத்தைப் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டாம். சுருக்கிய எம்பி3 வடிவில், 64 கேபிபிஎஸ் அளவில், ஒரு நிமிடப் பேச்சு ஏறக்குறைய அரை எம்பிதான். சுருக்காத வேவ் வடிவில் ஒரு நிமிடமே 5 எம்பிக்கு மேல் போகலாம். வாசிப்புப் பயிற்சிக்கு அது வேண்டாத செலவு.

கருவியை விட இடம் முக்கியம். மின்விசிறிக்கு நேர் கீழே பதிந்தால் குரல் கரகரக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் மழை பெய்யும்போது பதிவதில் பயனே இல்லை. பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்கும் நேரத்தையும் சத்துணவுத் தட்டுகள் ஒலிக்கும் நேரத்தையும் விட்டுவிடுங்கள். சுவரும் பீரோவும் சேரும் மூலையில் ஒரு மேசை போட்டு, மேலே மடித்த துண்டு ஒன்றை விரித்து அதன்மேல் கருவியை வைத்தால் தட்டும் சத்தமும் எதிரொலியும் பெருமளவு அடங்கும். குழந்தையின் வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். மைக் வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருந்தால் பகர எழுத்துகளில் காற்று மோதி வெடிக்காது. இதற்கு மேல் அமைதியைத் தேட வேண்டாம். எழுத்து தெளிவாகக் கேட்டால் போதும். பின்னால் காக்கை கரைவது வாசிப்பைக் கெடுப்பதில்லை.

ஆசிரியரின் முன்மாதிரிப் பதிவு

முதல் பதிவு உங்களுடையது. பிள்ளைகள் பக்கத்தைப் பின்தொடர்ந்தபடி கேட்பதற்கானது என்பதால் மேடைப் பேச்சின் ஏற்ற இறக்கம் இதற்கு உதவாது.

1. பாடநூலிலிருந்தோ கதையிலிருந்தோ 40 முதல் 60 சொற்கள் கொண்ட ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். வாக்கியம் நடுவில் வெட்டுப்படக் கூடாது.
2. எங்கே மூச்சு விடுவது என்று பென்சிலால் சிறு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ‘மரத்தின் மேல் / ஒரு காகம் / உட்கார்ந்திருந்தது’ என்பதுபோல் பொருள் சேர்ந்து நிற்கும் இடத்தில்தான் கோடு விழ வேண்டும்.
3. ஏரோப்ளேன் மோடை இயக்குங்கள். முதலில் பக்க எண்ணையும், தொடங்கும் இடத்தையும் சொல்லுங்கள்: ‘பக்கம் 12, படத்துக்குக் கீழே முதல் வரி.’ பிறகு மூன்று நொடி சும்மா இருங்கள். குழந்தையின் விரல் அந்த வரிக்குப் போய்ச்சேர அவ்வளவு நேரம் பிடிக்கும்.
4. பேசும் வேகத்தை விடச் சற்றே மெதுவாகப் படியுங்கள். பக்கம் திருப்பும் இடத்தில் ஒரு தட்டுத் தட்டுங்கள்.
5. பதிவை அதே ஸ்பீக்கரில் போட்டு, வகுப்பின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கேளுங்கள். அங்கே ஒற்றெழுத்து கேட்கவில்லை என்றால் மறுபடி பதியுங்கள்.
6. ஃபைலுக்கு உடனே பெயர் வையுங்கள்: ‘2-தமிழ்-பாடம்4-பக்கம்12.’ நாளை வைக்கலாம் என்று விட்டால் ‘பதிவு 037’ என்றே கிடக்கும்.

அடிக்கடி நேரும் தவறு, குழந்தைகளுக்காக என்று ஒவ்வொரு எழுத்தாக இழுத்துப் படிப்பது. ‘கா…க…ம்’ என்ற முன்மாதிரியைக் கேட்ட குழந்தை, படிப்பது என்றால் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் சொல்லுக்குள் இழுக்காமல் தொடர்களுக்கு இடையிலான நிறுத்தத்தை நீட்டுங்கள். பாடநூலுக்கு வெளியே கதை தேடுகிறவர்களுக்குப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் கைகொடுக்கும். அங்குள்ள தமிழ்க் கதைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. எழுதியவர் பெயரைப் பதிவின் தொடக்கத்தில் சொல்லிவிட்டு நீங்கள் குரல் கொடுக்கலாம்.

குழந்தையின் முறை

முதல் நாள் வாசிப்பு வேண்டாம். ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, ஒரு விலங்குபோலக் கத்தி, அதைக் கேட்டுச் சிரிக்கட்டும். தன் குரல் பதிவில் வேறு யாருடையதோ போலத் தோன்றுவது எல்லோருக்கும் நேர்வதுதான். பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமல்லாமல் மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் நம் காதுக்குள் வருகிறது. பதிவில் எலும்பு வழி வருவது இருக்காது. இந்த விசித்திரம் தீராமல் வாசிப்புக்குப் போனால் பிள்ளைகள் குரலையே கேட்பார்கள், படித்ததைக் கேட்க மாட்டார்கள். அன்றைய பதிவுகளை அவர்கள் கண்முன்னேயே அழித்துவிடுங்கள். அடுத்த நாளிலிருந்து சுற்று இது:

1. முன்மாதிரிப் பதிவை விரலால் பின்தொடர்ந்து இரண்டு முறை கேட்கிறது.
2. பதிவில்லாமல் ஒருமுறை தனக்குத்தானே படித்துப் பார்க்கிறது.
3. பொத்தானை அழுத்தி, மனத்துக்குள் இரண்டு எண்ணிவிட்டு, தன் பெயருக்குப் பதில் வருகைப் பதிவேட்டு எண்ணைச் சொல்லிப் படிக்கத் தொடங்குகிறது. ஒரு நிமிடம், அதற்கு மேல் இல்லை.
4. உடனே, அந்த இடத்திலேயே, விரலை வரியில் வைத்துக்கொண்டு தன் பதிவைக் கேட்கிறது.
5. மாற்ற விரும்பும் ஓர் இடத்தைச் சொல்கிறது அல்லது பென்சிலால் புள்ளி வைக்கிறது. ஒன்று போதும்.
6. இரண்டாம் முறை பதிகிறது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று குழந்தையே முடிவு செய்கிறது, மற்றது அழிகிறது.

நான்காம் படியை விட்டுவிட்டால் மற்ற ஐந்தும் வீண். நேரம் இல்லை என்று தோன்றும் நாளில் பதிவதை நிறுத்துங்கள், கேட்பதை நிறுத்தாதீர்கள்; முந்தைய பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்கச் செய்யலாம். நேரக் கணக்கு அப்படியொன்றும் கடினமல்ல. ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்றால் முப்பது பேர் வகுப்பில் ஆறு பள்ளி நாட்களுக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் முறை வரும். நீங்கள் கேட்க வேண்டியது நாளுக்கு ஐந்து நிமிடம். ஐந்து நிமிடமும் கிடைக்காத பள்ளியில் மூன்று பேரோடு நிறுத்துங்கள். எண்ணிக்கையைக் கூட்டிவிட்டுக் கேட்பதைக் கைவிடுவதை விட அது மேல்.

குறிப்பு: இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தால் ஒருவர் படிக்க, மற்றவர் பொத்தானைப் பார்த்துக்கொள்வார். இணையை நீங்களே அமையுங்கள். நன்றாகப் படிக்கும் குழந்தையையும் திணறும் குழந்தையையும் சேர்த்தால் முன்னவர் பின்னவருக்காகப் படித்துவிடுவார்.

முதல் வகுப்பில் படிக்க இன்னும் வராத பிள்ளைகளுக்கு இதே சுற்று படத்தைப் பார்த்துக் கதை சொல்வதாக மாறும். சொன்னதைக் கேட்டுவிட்டு, விட்டுப்போன ஒரு சேதியைச் சேர்த்து இரண்டாம் முறை சொல்வார்கள். மூன்றாம் வகுப்புக் கணக்கிலும் பயன் உண்டு. 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதிய குழந்தையை, எப்படிச் செய்தாய் என்று அரை நிமிடம் பேசிப் பதியச் சொல்லுங்கள். ‘ஏழில் ரெண்டு போனா அஞ்சு’ என்ற குரலில் பிழையின் காரணம் கிடைத்துவிடும்; சிலேட்டில் விடை மட்டும்தான் இருக்கிறது.

எதைக் கவனித்துக் கேட்பது

எல்லாப் பிழையையும் ஒரே பதிவில் தேடினால் குழந்தைக்கு எதுவும் பதியாது. தமிழில் முதலில் கேட்க வேண்டியவை பொருளையே மாற்றிவிடும் இரண்டு: குறில் நெடில் வேறுபாடு, ஒற்று இரட்டிப்பது. படம்–பாடம், கல்–கால் ஒரு வகை. எடு–எட்டு, பாடு–பாட்டு மற்றொரு வகை. இவை இரண்டும் காதால் தெளிவாகப் பிடிபடுபவை, எந்த ஊர்ப் பேச்சிலும் இருப்பவை. அடுத்தது நிறுத்தம்: சொல்லின் நடுவே நிற்கிறதா, தொடரின் முடிவில் நிற்கிறதா என்பது. லகர ளகர ழகரம் அதற்கும் பின்னால்தான். தென்மாவட்டங்களில் வாளப்பளம் என்பதும் வடமாவட்டங்களில் சில இடங்களில் வாயப்பயம் என்பதும் அந்த ஊரின் பேச்சு. பாடநூலைப் படிக்கும்போது ழகரத்தைக் கேட்டுப் பழகச் சொல்லுங்கள். கதை சொல்லும் பதிவில் அதைத் தொடவே வேண்டாம். ரகர றகரமும் நகர னகரமும் தனியாக வரும் இடங்களில் இன்றைய பேச்சில் பெரும்பாலும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. அவற்றை எழுத்துப் பயிற்சியில் பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவில் தேடுவது குழந்தையைக் குழப்பும்.

நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற கேள்வி வரும். 2021இல் வந்த நிபுண் பாரத் திட்டம் இரண்டாம் வகுப்புக்கு நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள் என்ற இலக்கை வைத்திருக்கிறது. தமிழில் ‘விளையாடிக்கொண்டிருந்தார்கள்’ என்பதும் ஒரு சொல், ‘வா’ என்பதும் ஒரு சொல். எனவே வேறு வேறு பத்திகளில் எண்ணிய எண்ணிக்கைகளை ஒப்பிட்டுக் குழந்தைக்கு மதிப்பெண் போடாதீர்கள். ஒரே குழந்தை, ஒரே பத்தி, ஜூலையில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை என்று வைத்தால்தான் எண்ணுவதில் அர்த்தம் இருக்கும். தானாக மதிப்பெண் போடும் செயலிகளிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். மழலையும் வட்டார உச்சரிப்பும் கலந்த குரலை அவை தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும். பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், பதிவேட்டில் எழுத வேண்டாம்.

எழக்கூடிய மறுப்புகள்

ஆசிரியர் நேரில் படித்துக்காட்டுவதற்கு ஈடாகுமா என்று கேட்பார்கள். ஆகாது. முகத்தைப் பார்த்துக் கேட்கும் கதைக்கு எந்த ஸ்பீக்கரும் மாற்றில்லை. தினமும் நீங்கள் படித்துக்காட்டுவதை இதற்காகக் குறைத்தால் நட்டம் பிள்ளைகளுக்கே. பதிவு நிரப்புவது நீங்கள் வேறு குழுவோடு இருக்கும் நேரத்தை. போனைக் கையில் கொடுத்துப் பழக்கலாமா என்பது பெற்றோரின் கவலை, நியாயமான கவலையும்கூட. திரையைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாத வேலை இது. பதிவு தொடங்கியதும் கருவியைக் கவிழ்த்து வைத்துவிடலாம் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் செய்தே காட்டுங்கள். கூச்சமுள்ள பிள்ளைகள் இன்னும் ஒடுங்கிவிடுவார்களே என்ற மறுப்புக்கு விடை, யார் கேட்கிறார்கள் என்பதில் இருக்கிறது. வகுப்பு முழுவதற்கும் ஒரு குழந்தையின் திணறலைப் போட்டுக்காட்டினால் அது தண்டனை. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். தானும் ஆசிரியரும் மட்டுமே கேட்பார்கள் என்று தெரிந்தால், வகுப்பில் வாய் திறக்காத குழந்தைகளில் சிலர் மூலையில் உட்கார்ந்து பேசக்கூடும்.

கருவி பிள்ளைகளை மட்டும் திருத்துவது என்று நினைக்க வேண்டாம். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பதை அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் அளந்தார். வகுப்புகளின் ஒலிப்பதிவு இல்லாமல் அதை அளந்திருக்க முடியாது. சராசரி ஏறக்குறைய ஒரு நொடி. அதை மூன்று நொடிக்கு நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன, விடை சொல்லாமல் இருந்தவர்கள் குறைந்தார்கள். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் உங்கள் பாடத்தைப் பதிந்து தனியாகக் கேளுங்கள். கவனிக்க வேண்டியது அந்த இடைவெளியை மட்டும். கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள்.

பாதுகாப்பு

முதலில் உடல். பொத்தான் பேட்டரி எனப்படும் வட்டமான லித்தியம் பேட்டரிதான் பெரிய ஆபத்து. விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும். அந்தப் பேட்டரி போட்டு இயங்கும் பேசும் பொத்தான்கள், பேசும் அட்டைகள் ஆகியவற்றில் பேட்டரி மூடி திருகாணியால் முடுக்கப்பட்டிருந்தால் மட்டுமே வகுப்புக்குள் விடுங்கள். ஒரு குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலும், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். முதுகு உப்பிய பழைய மொபைலைச் சார்ஜில் போடாதீர்கள், பிள்ளைகள் கையிலும் தராதீர்கள். சார்ஜ் ஏறுவது பள்ளி முடிந்தபின், ஆள் இருக்கும்போது. ஹெட்போனை விட ஸ்பீக்கர் நல்லது. ஹெட்போன்தான் வழி என்றால் காதுக்குள் செருகும் வகை வேண்டாம். காதின் மேல் உட்காரும் வகையை ஒவ்வொரு முறையும் துடைத்துக் கொடுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குச் சொல்லும் வரம்பு 75 டெசிபெல், வாரத்துக்கு 40 மணி நேரம். பத்து நிமிடப் பயிற்சி அந்த நேர வரம்பின் பக்கத்தில்கூடப் போகாது. ஒலியைப் பாதிக்கு மேல் கூட்டாமல் நிறுத்திவைத்தால் கவலை இல்லை.

அடுத்தது குரல். குழந்தையின் குரலும் தனிநபர் தரவுதான். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. நீண்ட படிவம் வேண்டாம், நான்கு வரி போதும்: ‘உங்கள் பிள்ளை படிப்பதை வகுப்பில் பதிவுசெய்து அவருக்கே போட்டுக்காட்டுவோம். பதிவு பள்ளியை விட்டு வெளியே போகாது. ஆண்டு முடிவில் அழித்துவிடுவோம். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம்.’ படிக்கத் தெரியாத பெற்றோருக்கு வாசித்துக்காட்டிக் கையெழுத்தோ கைரேகையோ வாங்குங்கள். நடைமுறையில் வரம்பு மீறப்படுவது வாட்ஸ்அப்பில்தான். அழகாகப் படித்த குழந்தையின் பதிவைப் பெருமையாக ஆசிரியர் குழுவில் போட, அங்கிருந்து அது எங்கெங்கோ போகும். திரும்பப் பெற வழியில்லை. பெற்றோருக்குக் கேட்கக் கொடுக்க வேண்டுமானால் பள்ளிக்கு வரச் சொல்லி அங்கேயே போட்டுக்காட்டுங்கள். ஒரு குழந்தைக்கு ஆண்டுத் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று பதிவுகள் இருந்தால் போதும். ஏப்ரலில் அவற்றைக் குழந்தையோடும் பெற்றோரோடும் ஒருமுறை கேட்டுவிட்டு, மெமரி கார்டையும் போனையும் முழுவதுமாக அழித்து எடுத்துவையுங்கள்.

ஒரு குழந்தைக்கு மட்டும் பதிவே கேட்கவில்லை என்றால்

மற்றவர்கள் வசதியாகக் கேட்கும் அளவில் ஒரு குழந்தை மட்டும் ஸ்பீக்கரை நெருங்கிக்கொண்டே போகிறது, ஒலியைக் கூட்டச் சொல்கிறது, படம்–பாடம் இரண்டையும் பலமுறை கேட்டும் ஒன்றென்றே சொல்கிறது என்றால், கவனக்குறைவு என்று முடிவுகட்ட வேண்டாம். சளியாலும் காதில் சீழ் வடிவதாலும் இந்த வயதில் செவித்திறன் குறைவது சாதாரணம், பெரும்பாலும் குணப்படுத்தவும் முடியும். 2013இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிகளுக்கு வந்து பார்க்கும் குறைபாடுகளில் செவித்திறனும் ஒன்று. அவர்கள் வரும் நாளுக்கு அந்தக் குழந்தையின் பெயரைக் குறித்துவையுங்கள். காதுவலியோ சீழோ இருந்தால் அதுவரை காத்திராமல் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள். பரிசோதனை முடியும்வரை அந்தக் குழந்தையின் வாசிப்பை மதிப்பிடாதீர்கள். உங்கள் முகம் தெரியும்படி முன்வரிசையில் உட்காரவைத்து நேரிலேயே படித்துக்காட்டுங்கள்.